போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே: சிங்கப்பூர் – நியூயார்க் விமானத்தின் தூரக் கணக்கு

சித்தி சிங்கப்பூரில் இருக்கிறார். மகளின் பிரசவத்துக்காகப் போன வருடம் நியூயார்க் போய், மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார். இடையில் எங்கும் இறங்காத நேரடி விமானம். பேத்தியின் போட்டோக்களைக் காட்டி முடித்ததும் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "போகும்போது ஜப்பான் பக்கமா போச்சு. அலாஸ்கா எல்லாம் வந்துச்சு. வரும்போது பார்த்தா இங்கிலாந்து, துருக்கி, அப்புறம் நம்ம மெட்ராஸே கீழே வருது. ஒரே ஊருக்குப் போய்ட்டு வர ரெண்டு வழியாப்பா? இதுல எது கிட்ட?"

தூக்கம் வராமல், இருக்கைத் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த அந்தக் குட்டி விமானப் படத்தையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அதனால்தான் இவ்வளவு கூர்மையான கேள்வி. பதிலும் கொஞ்சம் வியப்பானதுதான்: இரண்டு வழியுமே கிட்ட இல்லை. மிகக் கிட்டத்து வழி மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சித்தி ஏறிய விமானம் அதில் போவதே இல்லை.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். சுமார் 15,340 கி.மீ. என்று வரும். இடைநில்லாமல் பயணிகளை ஏற்றிப் போகும் விமானத் தடங்களில் உலகிலேயே நீளமானது இதுதான். இந்த எண் எப்படி வந்தது என்பதை ஒரு துண்டுத்தாளில் நாமே போட்டுப் பார்த்துவிடலாம். இந்த இரண்டு ஊர்களும் அமைந்திருக்கும் இடம் அப்படி.

சிங்கப்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில். நியூயார்க் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178. பூமியில் நேரெதிர்ப் பக்கம் என்றால் 180 வர வேண்டும்; ஆக, இரண்டும் ஏறக்குறைய எதிரெதிராகவே இருக்கின்றன. ஒரு பந்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எறும்பு போக வேண்டும், இரண்டு புள்ளிகளும் பந்தின் மேல்பாதியில் இருக்கின்றன என்றால், உச்சி வழியாக ஏறி இறங்குவதுதான் அதற்குக் குறுக்கு வழி. இங்கே உச்சி என்பது வட துருவம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மேலே 1.4 பாகை. அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை ஏற வேண்டும். நியூயார்க் 40.6 பாகையில் இருப்பதால் துருவத்திலிருந்து 49.4 பாகை இறங்க வேண்டும். மொத்தம் 138 பாகை. பூமியின் மேல் ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ. பெருக்கினால் 15,318. தேடுபொறி தருவதற்கும் இதற்கும் இருபது கி.மீ. சொச்சம்தான் வித்தியாசம்.

இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களிலும் பிடித்து இறுக்கிப் பாருங்கள். நூல் தானாகவே சீனாவுக்கும் சைபீரியாவுக்கும் மேலே ஏறி, துருவத்தை ஒட்டிப் போய், கனடா வழியாக இறங்கும். அதே இரண்டு ஊர்களைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான வரைபடத்தில் ஸ்கேலால் இணைத்தால் கோடு இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் வழியாகப் போகும். பார்க்க நேர்க்கோடு. உருண்டையின் மேல் அதன் நீளம் ஏறக்குறைய 18,500 கி.மீ. நேர்க்கோடு என்று நம்பிப் போனால் 3,000 கி.மீ.க்கு மேல் சுற்று.

சரி, நூல் காட்டும் வழி இருக்கும்போது விமானம் ஏன் ஜப்பான் பக்கம் போகிறது? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க் பகுதிக்கு நேரடிச் சேவையை மறுபடி தொடங்கியபோது, பறக்கும் தூரம் சுமார் 16,700 கி.மீ. என்று அதுவே அறிவித்தது. அப்போது இறங்கியது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நியூவார்க்கில். தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. நூல் கணக்கைவிட 1,360 கி.மீ. கூடுதல். சென்னையிலிருந்து மும்பைக்கு ரோட்டில் போகும் தூரத்தை ஒரு நிறுவனம் தெரிந்தே சேர்த்துக்கொள்கிறது. காரணம் இல்லாமல் செய்யமாட்டார்கள்.

முதல் காரணம் காற்று. தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், அதாவது பெரிய விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்று பெயர். வெப்பமண்டலச் சூட்டுக்கும் துருவக் குளிருக்கும் உள்ள வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து இதை ஓட்டுகின்றன. அந்த வித்தியாசம் குளிர்காலத்தில் கூடுவதால் காற்றும் அப்போதுதான் உக்கிரமாக இருக்கும். ஜப்பானுக்கு மேலேயும் அதற்குக் கிழக்கே பசிபிக்கிலும் மணிக்கு 200, 300 கி.மீ. வேகம் சாதாரணம்.

இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி. 1920களில் தாத்தெனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைத் தொலைநோக்கி வழியே பின்தொடர்ந்து, மேலே இவ்வளவு பலமான காற்று இருக்கிறது என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையில் அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் 1926இல் வெளியிட்டார். அந்தப் பொதுமொழியை உலகம் கற்றுக்கொள்ளவே இல்லை. அறிக்கையும் வெளியே கவனிக்கப்படாமல் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே உயரப் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் மற்றவர்களுக்கு அதன் பலம் புரிந்தது. ஒருவர் இருபது ஆண்டுக்கு முன்பே அளந்து எழுதி வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

இப்போது விமானத்துக்கு வருவோம். ஏர்பஸ் ஏ350 மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால், அது காற்றுக்குள் அதன் வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரைக் கணக்கு வேறு. ஆற்றோட்டத்தோடு போகும் பரிசலும் எதிர்த்துத் துழாவும் பரிசலும் ஒரே நேரத்தில் கரை சேராது, இல்லையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நூல் வழியில், காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், 15,340ஐ 900ஆல் வகுக்க 17 மணி நேரம். காற்றாற்றின் வழியில் 16,700 கி.மீ.; முதுகில் காற்று சராசரியாக மணிக்கு 80 கி.மீ. தள்ளினால் தரை வேகம் 980. வகுத்தால் அதுவும் 17 மணி நேரம். ஆக, 80 கி.மீ. பின்காற்று கிடைத்தாலே 1,360 கி.மீ. சுற்று ஈடாகிவிடுகிறது. அதற்கு மேல் தள்ளுகிற ஒவ்வொரு கி.மீ.யும் லாபம். எரிபொருளும் மிச்சம்.

போகும்போது பசிபிக் வழியைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். அப்படியானால் திரும்பும்போது? அதே வழியில் வந்தால் அந்தக் காற்று முழுவதும் நெஞ்சில் அடிக்கும். அதனால் நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பா வழியாக இறங்கி, இந்தியாவுக்கு மேலே வந்து சிங்கப்பூர் சேர்கிறது. அங்கும் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே! சித்தி ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டில் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டார். தடம் தினமும் ஒன்றாக இருக்காது. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு வரும் காற்றுக் கணிப்பை வைத்து அன்றைக்கு எது ஆதாயம் என்று பார்த்து வழி போடுகிறார்கள்.

குறைந்த தூரத்திலும் இந்தக் காற்று தெரியும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சுமார் 5,540 கி.மீ. கிழக்கே வரும்போது மேற்கே போவதைவிட வழக்கமாக ஒரு மணி நேரம் குறையும். 2020 பிப்ரவரியில் ஒரு பெரும்புயல் சமயத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

இரண்டாவது காரணம், வானத்துக்கும் எல்லைகள் உண்டு என்பது. நூல் வழி ரஷ்யாவின் தலைக்கு மேல் போகிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவும் மேற்கு நாடுகளும் ஒருவருக்கொருவர் வான்வெளியை மூடிக்கொண்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ரஷ்ய வானத்தைத் தவிர்க்கத் தொடங்கியது. இதில் அதிகமாக அடிபட்டது வேறொரு தடம். பின்லாந்தின் ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே பெருவட்டத் தூரம் சுமார் 7,830 கி.மீ. சைபீரியா வழியே ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடுவார்கள். அந்த வழியை நம்பியே பின்னேர் நிறுவனம் தன் ஆசிய வியாபாரத்தைக் கட்டியிருந்தது. வான்வெளி மூடியதும் வட துருவத்தைத் தாண்டி அலாஸ்கா பக்கமாகப் போக வேண்டியதாயிற்று. நேரம் சுமார் 13 மணி. ஊர் நகரவில்லை, தூரம் என்று தேடினால் இன்றும் அதே 7,830தான் வரும்.

இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1983இல் இதே பின்னேர்தான் டிசி-10 விமானத்தில் ஹெல்சின்கி – டோக்கியோ நேரடிச் சேவையைத் தொடங்கியது. அது பனிப்போர்க் காலம். சோவியத் வானத்துக்குள் நுழைய முடியாததால் அப்போதும் துருவத்தைச் சுற்றித்தான் போனார்கள். அப்போதும் ஏறக்குறைய 13 மணி நேரம். ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போன மற்ற விமானங்கள் பல, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. நாற்பது வருடத்தில் இன்ஜின் மாறியது, இறக்கை மாறியது; கடைசியில் பயண நேரம் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. 2022இல் துருவத்துக்கு மேலே பறந்த பயணிகளுக்கு பின்னேர் ஒரு சான்றிதழும் ஸ்டிக்கரும் கொடுத்தது.

நமக்கும் இது புதிதில்லை. 2019 பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்தபோது டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போயின. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடி அதே கதி. டிக்கெட்டில் நேரம் கூடியிருப்பதைப் பார்த்து, விமானம் மெதுவாகப் போகிறதோ என்று நினைப்பவர்கள் உண்டு. வேகம் அதேதான். வழிதான் நீண்டது.

சிங்கப்பூர் விமானத்தில் என்னைத் திகைக்க வைக்கும் விஷயம் எரிபொருள். ஏ350-900 விமானத்தின் மிகநீள்தூர வகையைத்தான் இந்தத் தடத்துக்கு வாங்கினார்கள். அதன் கொள்ளளவு 165,000 லிட்டர். விமான எரிபொருள் லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ என்பதால் நிரப்பினால் சுமார் 132 டன். கிளம்பும்போது விமானம் மொத்தமாக இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருளே! உள்ளே இருக்கைகள் 161தான். பெட்டியோடு சேர்த்து ஆளுக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 16 டன். பதினாறு டன் மனிதர்களைக் கொண்டுபோக எட்டு மடங்கு எண்ணெய். முதல் மணி நேரங்களில் எரிவதில் ஒரு பங்கு, கடைசி மணி நேரங்களுக்கான எண்ணெயைச் சுமக்கவே செலவாகிறது. பயணம் நீள நீள இந்தப் பங்கும் ஏறும்.

இதே கணக்குதான் இந்தச் சேவையை ஒருமுறை மூடவும் வைத்தது. 2004இல் நான்கு இன்ஜின் கொண்ட ஏ340-500 விமானத்தில் சிங்கப்பூர் – நியூவார்க் தொடங்கியது. எண்ணெய் விலை ஏறியது. 2008இல் மொத்த விமானத்தையும் 100 பிசினஸ் கிளாஸ் இருக்கைகளாக மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் கட்டுபடியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டே இன்ஜினில், குறைந்த எண்ணெயில் அதே தூரம் போகும் விமானம் கைக்கு வந்த பிறகுதான் 2018இல் மீண்டது. 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் பறக்கத் தொடங்கினார்கள்.

இரண்டு இன்ஜின் என்றதும் பயம் வரலாம். நடுக்கடலில் ஒன்று நின்றுவிட்டால்? ஒரு காலத்தில் இரட்டை இன்ஜின் விமானங்கள் எப்போதும் ஏதாவது ஒரு விமான நிலையத்துக்கு 60 நிமிடத் தொலைவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருந்தது. கடலைத் தாண்ட வேண்டுமானால் கரையோரமாகச் சுற்ற வேண்டும். இன்ஜின்கள் நம்பகமாக ஆக ஆக 1985இல் அது 120 நிமிடமானது. 2014இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதித்தது. ஒரே இன்ஜினில் ஆறு மணி நேரம் பறந்து இறங்கத் தகுதி பெற்ற விமானம். இந்த விதி தளர்ந்ததால்தான் இரட்டை இன்ஜினுக்குக் கடல் வழிகள் திறந்தன.

இவ்வளவு எண்ணெய் எரித்து நேரடியாகப் போவது தேவைதானா என்ற கேள்வி எனக்கு உண்டு. அதே நிறுவனம் ஃபிராங்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க் போகிறது. நின்று போவதற்குச் சுமார் 24 மணி நேரம். நேரடி என்றால் பதினெட்டரைக்கு மேல். மிச்சம் ஐந்து மணி நேரம் சொச்சம். முழங்கால் வலியோடு, ஆங்கிலம் சரளமாக வராமல், நடு வழியில் இறங்கி ஏறப் பயப்படும் ஒரு அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு அந்த ஒரு நிறுத்தம் இல்லாதது பெரிய விஷயம் என்பதைச் சித்தியிடம்தான் புரிந்துகொண்டேன். சிக்கனமாகப் போக நினைக்கும் குடும்பத்துக்கு இதில் இடமில்லை. எகானமி வகுப்பே கிடையாது.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதில் போட்டிருப்பது கேட்டிலிருந்து விமானம் நகர்வதிலிருந்து மறுமுனையில் கேட்டில் வந்து நிற்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். பறக்கும் நேரம் அதைவிடக் குறைவு. 'சீக்கிரமே இறங்கிவிட்டோம்' என்று அறிவிப்பு வருவதும் பல நேரம் இதனால்தான்.

அப்புறம் தேதிக் குழப்பம். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தால் சிங்கப்பூர்க் கணக்கில் மாலை 6:30. பன்னிரண்டைக் கழித்தால் நியூயார்க்கில் காலை 6:30, அதே தேதி. திரும்பும்போது நியூயார்க்கில் இரவு 10 மணிக்குக் கிளம்பினால் 19 மணி நேரம் கழித்து அங்கே மறுநாள் மாலை 5. பன்னிரண்டைக் கூட்டினால் சிங்கப்பூரில் அதற்கும் மறுநாள் காலை 5. திங்கட்கிழமை இரவு ஏறியவர் புதன்கிழமை விடியலில் இறங்குவார். விமான நிலையத்தில் அழைத்துவரப் போகிறவர்கள் இந்த ஒரு நாளில்தான் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக '+2' என்று இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் இன்னொரு வசதி, கைக்கடிகார முள்ளைத் திருப்பவே வேண்டாம். காலை மாலையாகிவிடும், அவ்வளவுதான். உடம்புக்குத்தான் அது புரிய ஒரு வாரம் ஆகிறது.

இதையெல்லாம் ஆரஞ்சுப் பழமும் தையல் நூலும் வைத்துச் சித்திக்கு விளக்கினேன். கிழக்குப் பக்கமாகவே முழுச் சுற்று வந்ததால், கணக்குப்படி வீட்டிலேயே இருந்த சித்தப்பாவைவிட அவருக்கு ஒரு சூரிய உதயம் கூடுதல் என்றும் சொன்னேன். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் மனதில் நின்றது வேறு. திரும்பும் வழியில், எல்லோரும் போர்வைக்குள் இருந்த நேரத்தில், திரையில் 'சென்னை' என்று பெயர் வந்ததாம். ஜன்னல் மறைப்பை லேசாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். கீழே இருட்டில் கரையோரமாக ஒரு நீள வெளிச்சம், அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லாத கறுப்பு. "அந்தக் கறுப்புதான் கடல், வெளிச்சம் நம்ம ஊரு. அதுல எங்கேயோ உங்க வீடும் இருந்திருக்கும்" என்றார். திரையில் இறங்க இன்னும் மூன்றரை மணி நேரம் என்று காட்டியதாம்.